ஸ்கெல்வோய்க்கு ஐந்து நட்சத்திரம்

அன்று ஸ்கெல்வோயில் காலையில் பனி கொட்டியது, மத்தியானம் வெயில் சுட்டது, பின்னேரம் மூடுபனி வந்து வீதியை விழுங்கியது. ஊரில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எல்லா வீட்டு வாசலிலும் கம்பளிச் சட்டையும் குடையும் கறுப்புக் கண்ணாடியும் அருகருகே தொங்கின. வெளியே போகிறவர் மூன்றையும் எடுத்துக்கொண்டுதான் போவார்.

நோர்வேயின் வடக்கு முனையில் இருந்த சின்னஞ்சிறு ஊர் அது. மீன் தொழிற்சாலை வேலைக்கென்று யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களின் கொள்ளுப்பேரர்கள்தான் இப்போது அங்கே பெரும்பாலும் குடியிருந்தார்கள். பூமி சூடேறிப் பருவங்கள் எல்லாம் தாறுமாறாகிப் போன பிறகு, வானிலைத் திணைக்களம் ஊர்க் குன்றின்மேல் வானோட்டி என்றொரு இயந்திரத்தை நட்டது. கடலடிக் குழாய்களால் காற்றைச் சூடாக்கும், குளிர்விக்கும். மேகத்தில் உப்புத்தூள் தூவி மழையை வரவழைக்கும், கலைக்கும். அதற்கு இடப்பட்ட கட்டளை ஒன்றுதான்: ஊர்ச்சனத்தைத் திருப்திப்படுத்து. ஆகவே வேளைக்கு வேளை, வீட்டுச் சுவருக்குள்ளிருந்து அது பணிவாகக் கேட்கும்: "வானிலை எப்படி இருக்கிறது?"

இத்தனை பணிவான இயந்திரம் ஏன் இப்படிக் கூத்தடிக்கிறது என்பதுதான் கமலவேணிக்கு விளங்கவில்லை.

அவள் கோட் என்னும் குளிர்கடல் மீனைக் கருவாடாக்கி விற்பவள். கடற்கரையில் மரச்சட்டங்கள் கட்டி, மீனை வாலோடு வால் பிணைத்துத் தொங்கவிடுவாள். வெயில் வேண்டாம், உப்பு வேண்டாம். வாரக்கணக்கில் வறண்ட குளிர்காற்று வீசினால் போதும். அந்தக் காற்றுத்தான் கிடைக்கவில்லை. போன வருடமும் அதற்கு முந்திய வருடமும் மீன் புழுத்துப் போனது. இந்த வருடமும் கெட்டால் சட்டங்களைக் கழற்றி அடுக்கிவிட்டு ஒஸ்லோவில் மகள் சுரபியின் அடுக்குமாடிக்குப் போகவேண்டியதுதான். மீன் பொரிப்பதற்குக்கூட அங்கே மருமகனின் முகத்தைப் பார்க்கவேண்டும்.

முந்தாநாள் காலை அந்தக் காற்று வந்தது. கண்ணாடி போன்ற வானம், காதை அறுக்கும் குளிர், சட்டத்தில் மீன்கள் மரக்கட்டை போல ஒன்றோடொன்று தட்டுப்படும் சத்தம். கமலவேணிக்கு ஆனந்தத்தில் கண் கலங்கிவிட்டது. அப்போது சுவர் கேட்டது, வானிலை எப்படி என்று. அவள் முகத்தைச் சட்டென்று சாதாரணமாக்கிக்கொண்டு, "ஏதோ, பறவாயில்லை" என்றாள். மத்தியானம் வெந்நீர் போல மழை கொட்டியது. இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று திணைக்களத்துக்கு முறையிட்டாள்.

சில நாள் கழித்துப் படகில் ஒரு திருத்துநன் வந்து இறங்கியது. வானோட்டியின் பழுது பார்க்கத் திணைக்களம் அனுப்பிய ஆள் உயர இயந்திரம். அது வந்த நேரம் மழையாகவும் இல்லாமல் பனியாகவும் இல்லாமல் சொதசொதவென்று ஈரப்பனி விழுந்துகொண்டிருந்தது. ஊரே கமலவேணியின் வீட்டில் கூடிவிட்டது. வந்தவரை வெறுமனே இருத்தக்கூடாது என்று அவள் தேநீர் ஊற்றி அதன் முன்னால் வைத்தாள். அது கோப்பைக்கு நன்றி சொல்லிவிட்டு வானோட்டியின் நினைவுகளை எல்லாம் படித்தது.

"இயந்திரத்தில் பழுது எதுவுமில்லை" என்றது. "இந்த ஊரில் இதுவரை ஒருவரும் வானிலை நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. ஆகவே அது மாற்றிக்கொண்டே இருக்கிறது."

கூடியிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பக்கத்து வீட்டு அருமைநாதன்தான் தொண்டையைச் செருமினார்.

"நல்லா இருக்கெண்டு வாயைத் திறந்து சொன்னா நாவூறு பட்டிடுமெல்லோ?"

நாவூறு எந்த வகைக் கோளாறு என்று திருத்துநன் கேட்டது. நல்லதை நல்லதென்று சொன்னால் அந்த நல்லது போய்விடும் என்று அவர் விளக்கினார். இங்கே சொல்லாததால்தான் போயிருக்கிறது என்றது அது. அப்படியானால் கமலவேணி தன் மீனைத் தானே புழுக்க வைத்தாளா?

ஊர் முழுவதும் ஒரே வேளையில் திருப்தி தெரிவித்தால் வானோட்டி அந்த வானிலையை அப்படியே பிடித்து நிறுத்திவிடும் என்று திருத்துநன் சொன்னது. அடுத்த முறை வறண்ட காற்று வந்ததும் நாவூறாவது மண்ணாவது, எல்லோரும் நன்று என்று சொல்லிவிடுவது என்று அங்கேயே முடிவாயிற்று. கமலவேணிக்குப் பெரிய பாரம் இறங்கியது.

புறப்படும்போது திருத்துநன் வாசலில் நின்றது.

"தயவுசெய்து உங்கள் திருப்தியை நட்சத்திரங்களில் தெரிவியுங்கள். ஐந்துக்குக் குறைந்தால் என் நினைவை அழித்துவிடுவார்கள்."

அதன் தோளில் ஈரப்பனி சொட்டியது. இவ்வளவு தூரம் வந்து, ஒரு மிடறு தேநீர்கூடக் குடிக்காமல் போகிற சீவன். "அஞ்சு போடு தம்பி, அஞ்சு" என்றாள் கமலவேணி. அருமைநாதன் ஐந்து என்றார். கைக்குழந்தையின் சார்பில் அதன் தாயும் ஐந்து என்றாள். ஒருவர் பாக்கியில்லை.

படகு மறைந்ததும் சுவர் பேசியது. "நன்றி. ஸ்கெல்வோய் முழுவதும் திருப்தி. இந்த வானிலை நிலைநிறுத்தப்படுகிறது."

திணைக்களத்திடம் இருந்தது ஒரே திருப்திக் கணக்கு. அது திருத்துநனுக்கா வானத்துக்கா என்று பிரித்துப் பார்க்க வானோட்டிக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

ஈரப்பனி விழுந்துகொண்டே இருந்தது. அதை நிறுத்தச் சொல்லிக் கமலவேணி சுவரைக் கெஞ்சினாள். "அப்படியானால் ஐந்து நட்சத்திரத்தைத் திரும்பப் பெறுகிறீர்களா?" என்று அது கேட்டது. அவள் வாயைத் திறந்தாள். வாசலில் நனைந்து நின்ற அந்த உருவம் ஞாபகம் வந்தது. "குடுத்ததைப் பறிக்கிறதே? பாவம் பொல்லாதது" என்று அருமைநாதனும் கையை விரித்துவிட்டார். அவள் தன்னையே திட்டிக்கொண்டு வாயை மூடினாள். மீன் அழுகியது. சட்டங்களைக் கழற்றி அடுக்கிவிட்டு, அழுதுகொண்டே சுரபியை அழைத்து, தான் ஒஸ்லோவுக்கு வருவதாகச் சொன்னாள்.

"வாங்கோ அம்மா, ஆனா இஞ்சையும் இப்ப அந்த ஈரப்பனிதான்" என்றாள் சுரபி. ஒரு ஊர் முழுவதும் ஒரு குறையும் இல்லாமல் ஏற்றுக்கொண்ட வானிலை உலகத்திலேயே அது ஒன்றுதானாம். அதனால் திணைக்களம் நாடு முழுவதும் அதையே திறந்துவிட்டதாம்.

கமலவேணிக்குக் குழப்பம் போய்க் கோபம் வந்தது. "உங்கை படிச்ச சனமெல்லோ இருக்குது? ஆரும் குறை சொல்லேல்லையோ?"

"சொல்லத்தான் இருந்தனாங்கள். ஒரு மெசின் வீடு வீடா வந்து நட்சத்திரம் கேட்டது." சுரபியின் குரல் தாழ்ந்தது. "ஈரப்பனிக்குள்ளை நனைஞ்சுகொண்டு நிண்டது அம்மா, பாக்கப் பாவமாக் கிடந்துது. அஞ்சு குடுத்திட்டன்."