பிளக் கழற்றிய வண்டி

மழைக்காகப் பந்தய ஓடுதளத்தை மூடியிருந்த அந்த மத்தியானத்தில், காலையிலிருந்து யாருமே தொடாத கோ-கார்ட்டின் எஞ்சின்மேல் மெக்கானிக் கை வைத்தபோது சுட்டது.

கையை முகர்ந்து பார்த்தான். எரிந்த எண்ணெய், ஈர ரப்பர், அவற்றுக்கு அடியில் தீய்ந்த முடியின் வாடை. தகரக் கூரையில் மழை ஒரே சீராக இறங்கிக்கொண்டிருக்க, வரிசையில் நின்ற மற்ற வண்டிகளின் நிழல்கள் சிமெண்டுத் தரையில் அசையாமல் கிடந்தன. இதன் நிழல் மட்டும் லேசாக நடுங்குவதுபோல் இருந்தது.

"காலைல இத ஓட்டினியா மாப்ளே?"

"இந்த மழைலயா? எனக்கென்ன பைத்தியமா மாமா?" என்றான் மச்சினன்.

மனைவிக்கு இருப்பது இந்த ஒரு தம்பிதான். கண்பார்வையிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லித்தான் அவனை இங்கே வேலைக்கு அனுப்பியிருந்தாள்.

வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது என்பது புகார். முன்சக்கரங்களைச் சரிபார்க்க இருக்கையில் ஓர் ஆள் கனம் வேண்டும். அதற்குமுன் எஞ்சினின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்வது பட்டறை வழக்கம். பிறகு யாராலும் வண்டியைக் கிளப்ப முடியாது. அப்படியே செய்தான். பெட்ரோல் குழாயையும் மூடினான்.

"ஏறி உக்காரு."

"மூட்டை எதுவும் கிடைக்கலையா உங்களுக்கு?"

"மூட்டைன்னா வாய் பேசாது. உக்காரு."

தலை துவட்டிய துண்டு மச்சினனின் கழுத்தில் தொங்கியது. வாடிக்கையாளர் என்றால் அதை வாங்கி வைக்காமல் மெக்கானிக் ஏறவே விட்டிருக்க மாட்டான். இருக்கைக்குப் பின்னால் மூடியில்லாமல் சுழலும் அச்சில் துணி பட்டால் கழுத்தோடு சேர்த்து இழுத்துவிடும். ஆனால் பிளக் பையில் இருந்தது. துண்டை அப்படியே விட்டுவிட்டான்.

சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்தான். பிளக் இருந்த ஓட்டை வழியாக எஞ்சின் மூச்சு இழுத்தது. மெதுவாக. பிறகு இன்னொரு முறை.

"மாமா, விளையாடாதீங்க. பெடல் தானா கீழ போகுது."

"காலை எடு."

"எடுத்துட்டேன்."

வண்டி பாய்ந்தது. மெக்கானிக்கின் தோளை இடித்துத் தள்ளிவிட்டு மழைக்குள் போனது. எழுந்து பின்னால் ஓடினான்.

முதல் சுற்றில் மச்சினனின் கால்கள் உதைத்துக்கொண்டிருந்தன. துண்டு அச்சில் சுற்றியிருந்தது. தலை பின்னுக்கு வளைந்திருந்தது. வாய் திறந்திருந்தது. சத்தம் இல்லை.

பழைய டயர் ஒன்றைக் குறுக்கே உருட்டினான். வண்டி ஒதுங்கிப் போனது.

வளைவுக்கு அப்பால் எலும்பு முறிந்தது. ஈரக் கட்டையைப் பிளப்பதுபோல். பிறகும் முறிந்தது. பிறகும்.

மழை மட்டும்.

வண்டி நிதானமாகத் திரும்பி வந்தது. அவன் முழங்காலருகே நின்றது. இருக்கை காலி. பின்னச்சு தடித்திருந்தது. துண்டு, சட்டை, முடி, தோல், எல்லாம் இறுக்கிச் சுற்றிய கயிறுபோல். சிவப்பு சொட்டியது. ஸ்டியரிங்கை இரண்டு கைகள் பிடித்திருந்தன. மணிக்கட்டுவரை.

மனைவியிடம் எதையாவது கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

விரல்களைப் பிரிக்கக் குனிந்தான். அவை ஸ்டியரிங்கை விட்டன. அவன் கையைப் பிடித்துக்கொண்டன.

பின்னால் அச்சு மெல்லச் சுழன்றது.