அவசரத் தட்டு

வெளியே யாரோ வாளித் தண்ணீரில் செங்கல்லை முக்கினார்கள். காய்ந்த செங்கல் தண்ணீர் குடிக்கும்போது வரும் அந்தப் புஸ்ஸென்ற சத்தம், முப்பது வருஷம் கல் சுமந்த அத்தையின் காதுக்குத் தப்புமா? ஆனால் இந்த வீட்டில் என்ன கட்டட வேலை?

இடுப்பொடிந்து கட்டிலில் கிடந்தவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். இன்னொரு கல். இன்னொன்று. ஈரச் சிமெண்டு வாடை கதவிடுக்கால் நுழைந்து, தைல வாடையை அமுக்கி, தொண்டையில் வந்து உட்கார்ந்தது.

வீட்டில் இருப்பது இரண்டே பேர். அவளும், தம்பி மகளும்.

தம்பி கொத்தனார். பெண்டாட்டியை உயிரோடு வைத்துச் சுவர் எழுப்பிவிட்டு ஜெயிலில் செத்தவன். அவனுடைய ஆறு மாதக் குழந்தையை அத்தை ஊர் மாற்றிக் கொண்டுவந்து வளர்த்தாள். அப்பன் கதையைப் பற்றி மூச்சுவிடவில்லை. கொத்துக் கரண்டியைக் கண்ணில் காட்டவில்லை. ஆனாலும் அந்த ரத்தம் தலைதூக்கிவிடுமோ என்று பயம். பிள்ளை முகம் சுளித்தாலே ஜன்னலில்லாத இந்தச் சரக்கறையில் போட்டுப் பூட்டுவாள். வெளியே நின்று மூன்று தட்டு தட்டுவாள். உள்ளேயிருந்து நிதானமாக மூன்று தட்டு வந்தால்தான் திறப்பு. இல்லாவிட்டால், "அவசரத் தட்டு. இன்னும் அடங்கலை" என்று போய்விடுவாள். பதினேழு வருஷம். எவ்வளவு அடக்கமான பெண் என்று தெருவே மெச்சியது.

இடுப்பொடிந்ததும் அத்தையின் கட்டிலை இந்த அறைக்குள் இழுத்துப் போட்டது அந்தப் பெண்தான்.

கதவு திறந்தது. நிலைவாசலில் முழங்கால் உயரத்துக்குச் சுவர்.

அத்தை அதட்டினாள், கெஞ்சினாள், கடைசியில் "கொத்தன் ரத்தம்டி" என்று அவளுடைய செத்த தகப்பனை இழுத்து வைத்துத் திட்டினாள்.

பெண்ணின் கரண்டி நின்றது. "எங்கப்பா கொத்தனாரா? எனக்குத் தெரியாதே, அத்தை."

"அப்புறம் யாருடி உனக்கு இதைச் சொல்லிக் குடுத்தது?"

"அடைச்சு வைக்கிறது நீங்க குடுத்தது. கட்டுறது... கைக்குத் தானா வருது."

சுவர் நேராக எழும்புகிறதா என்று பார்க்கத் தம்பி தூக்குக்குண்டைத் தொட்டதே கிடையாது. இடக்கண்ணை மூடி, தலையைச் சாய்த்துப் பார்த்தே சொல்லிவிடுவான்.

பெண் இடக்கண்ணை மூடினாள். தலையைச் சாய்த்தாள்.

வெளிச்சம் ஒரு சாண். நாலு விரல். ஒரு விரல்.

இருட்டு.

சுவருக்கு அந்தப் பக்கம் மூன்று தட்டு.

அத்தை கட்டில் சட்டத்தில் தட்டினாள். ஒன்று. இரண்டு. கை முந்திக்கொண்டது. மூன்று.



"அவசரத் தட்டு," என்றது குரல், அத்தையின் அதே இழுப்போடு. "இன்னும் அடங்கலை."

பிறகு, இரண்டாம் சுவருக்கு, புஸ்ஸென்று இன்னொரு செங்கல்.