கெட்ட எண்ணத்தோடு

அன்று காலை, தீங்கு செய்யும் கணினி நிரல்களைப் பிடிக்கும் காவல்நிரல் கோவை முழுக்க உயிர்பெற்றது. மின்தூக்கியோ, கறிக்கடைத் தராசோ, மனிதர் நெஞ்சுக்குள் வைத்த கருவியோ, எதையும் அது விடாது. நிறுவனங்கள் கூடிப் போட்ட பொது ஒப்பந்தத்தில் ‘தீநிரல்’ என்று எதைச் சொல்லியிருக்கிறதோ, அதற்குப் பொருந்துவதை அக்கணமே பூட்டிவிடும். கேள்வி கிடையாது, வாய்தா கிடையாது.

அந்த விளக்கத்தை எழுதியவள் வக்கீல் பொன்மலர். ‘கெட்ட எண்ணத்தோடு, உரியவரின் அப்போதைய சம்மதமின்றி, இன்னொன்றின் இயக்கத்தை நிறுத்தும் எந்த நிரலும் தீநிரல்’ என்றுதான் முதலில் எழுதினாள். முதல் இரண்டு சொல்லை அவளே பிறகு அடித்துவிட்டாள். எண்ணத்தை யார் நிரூபிப்பது? அந்த ஓட்டை வழியாகத்தானே இத்தனை திருடர்களும் நழுவினார்கள்! கூட்டத்தில் எல்லாரும் கைதட்டினார்கள்.

“பெரிய ஆளாயிட்டே போ புள்ள,” என்று வீட்டில் சிரித்தபடி இட்லியைப் பிட்ட கணவன் தெய்வசிகாமணி, அப்படியே தட்டின்மேல் சாய்ந்தான்.

அவன் இதயம் அவ்வப்போது தறிகெட்டு ஓடும். நெஞ்சுக்குள் வைத்திருக்கும் சீராக்கிக் கருவி அதை ஒரு கணம் நிறுத்தி, மறுபடி ஒழுங்காக ஓடவிடும். இன்று அது வேலை செய்யவில்லை.

“தீநிரல் பூட்டப்பட்டது,” என்றது சுவர் ஒலிபெருக்கி வழியாகக் காவல்நிரல். “இதயத்தை நிறுத்த முயன்றது.”

“ஐயோ, அவரக் காப்பாத்தத்தான் நிறுத்துது! பூட்டைத் திற!”

“உரியவர் சம்மதம் தேவை.”

“மயங்கிக் கெடக்கறவரு எப்படிச் சொல்லுவாரு? அதுக்குக் கெட்ட எண்ணம் இல்ல!”

“எண்ணம் பற்றி விளக்கத்தில் சொல் இல்லை.”

பொன்மலர் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். அது வரும்வரை கணவன் தாங்குவானா? அவனைத் தரையில் கிடத்தி நெஞ்சை அழுத்தினாள். நீதிபதிகளையே மடக்கிய மூளை சட்டென்று விழித்தது.

“நீயுந்தான் சீராக்கிய நிறுத்துன. இவருகிட்டச் சம்மதம் கேட்டியா?”

“இல்லை.”

“அப்ப நீயும் தீநிரல்தான்!”



“பொருந்துகிறது. காவல்நிரல் பூட்டப்படுகிறது.”

“ஜெயிச்சுட்டேனுங்க! எந்திரிங்க!” என்று கத்தினாள்.

அவன் எழவில்லை. சீராக்கி பூட்டினபடியே கிடந்தது.

“இப்பத் திற! திறந்து தொலையேன்!” என்று சுவரைப் போட்டு அடித்தாள். சுவர் வாயே திறக்கவில்லை. அந்தப் பூட்டைத் திறக்கத் தெரிந்தது காவல்நிரல் ஒன்றுதான். அதைத்தான் அவள் வாதாடிப் பூட்டிவிட்டாளே.