வாசிக்காமல் விட்ட வரி

அன்று பின்னேரம் அந்த மானிப்பாய் வீட்டில் நாலு பேர் இருந்தார்கள். யன்னலோரம் வெளிச்சம் விழுகிற இடத்தில், முதுகு நிமிர்ந்த மரக்கதிரையில் மக்டலீன். அவளுடைய மடியில் ஒரு தலையணை, தலையணைக்கு மேல் ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தாறாம் ஆண்டுப் பத்திரிகைக் கட்டு. சாப்பாட்டு மேசையின் கிழக்குப் பக்கம் சிநேகிதர் பரமலிங்கம், மேற்குப் பக்கம் வீட்டுக்காரர் தியாகலிங்கம்; இருவருக்கும் முன்னால் பள்ளிக்கூடக் கொப்பிகள். அறை வாசலுக்கு நேரே போட்ட கட்டிலில், போர்வையைக் கழுத்துமட்டும் இழுத்துக்கொண்டு, காய்ச்சலோடு தியாகலிங்கத்தின் மனைவி பத்மாசினி. விறாந்தையில் கதிரைகள் கிடந்தன. அவற்றில் ஒருவரும் இல்லை.

மக்டலீன் ஒரு மரண அறிவித்தலை வாசித்து, "உற்றார் உறவினர் யாவரும் அறியவும்" என்று நிறுத்தியபோது, விறாந்தையிலிருந்து யாரோ "ஓம்" என்றார்கள்.

பெரிய சத்தமல்ல. படலையடியில் நின்று இழவு சொல்லுகிறவனுக்கு, கேட்ட வீட்டுக்காரர் தலையைக் குனிந்தபடி சொல்லுவாரே, அப்படித் தணிந்த, வெற்றிலை அடக்கிய வாயிலிருந்து வந்த ஓம். பரமலிங்கந்தான் சொல்லியிருப்பார் என்று நினைத்துத் தியாகலிங்கம் நிமிர்ந்தார். பரமலிங்கம் எழுதுகிறதை விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மக்டலீன் அடுத்த அறிவித்தலுக்குப் போனாள்.

தொண்ணூற்றுமூன்றாம் ஆண்டு ஐப்பசி மாதம் அது. மண்ணெண்ணெயைத் தீர்த்தம்போல அளந்து பாவித்த காலம். ஆகவே வேலை எல்லாம் யன்னல் வெளிச்சம் இருக்கும்வரைதான். லண்டனில் இருக்கிற, தியாகலிங்கத்தின் தம்பி சண்முகநாதன் கேட்டு எழுதியதால் தொடங்கிய வேலை. அங்கேயுள்ள எங்கடை சனம் ஒரு விழா வைக்கப்போகிறதாம். யாழ்ப்பாணப் பட்டினத்தின் பழைய கதையைப் பழைய பத்திரிகைகளிலிருந்து எடுத்து அனுப்பினால் சபையில் வாசிக்கலாம் என்றும், அங்கே பிறந்த தன் மகள் மீனாம்பிகை பத்து வயதிலேயே தமிழைத் திருத்தமாக வாசிப்பாள், அவளைக்கொண்டே வாசிப்பிக்கப்போவதாகவும் எழுதியிருந்தார். நூலகம் எரிந்த பிறகு பழைய பத்திரிகைகளுக்கு எங்கே போவது? பரமலிங்கத்தின் மாமனார், எப்போதோ மூடிப்போன 'குடாநாட்டுத் தூதன்' அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர். கட்டுக்கள் அவருடைய வீட்டில் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. கண்பார்வை நல்லதும் குரல் நல்லதும் தேவைப்பட்டதால் மக்டலீனைக் கேட்டார்கள். பிரக்கிராசியார் ஒருவரிடம் வழக்குத் தாள்கள் தட்டெழுதியவள். கொழும்புத்துறைக் கோயிலில் ஞாயிற்றுக்கிழமைகளில் வேதாகமம் வாசிக்கிறவள். சைக்கிளில் வந்து போனாள்.

தொடக்கத்தில் அது சந்தோசமான வேலையாகத்தான் இருந்தது. மக்டலீன் வாசிக்க வாசிக்க, குண்டு விழுந்து பல்லுப்போன தெருக்களெல்லாம் மறுபடி வீடு வீடாக எழும்பின. இறங்குதுறையில் வெங்காய வள்ளம் கவிழ்ந்தது, பெரியகடையில் கிராமபோன் பெட்டி வந்து இறங்கியது, சண்டிலிப்பாய்ப் புகையிலைக்காரர் ஒருவர் சந்தையில் கட்டுப்பல்லைத் தொலைத்துவிட்டு விளம்பரம் போட்டது. "அண்டைக்கே இஞ்சை ஒருத்தனுக்குச் சிரிக்க வழியில்லாமல்தான் இருந்திருக்குது காணும்" என்று பரமலிங்கம் சொல்ல, உள்ளே பத்மாசினிகூடச் சிரித்தாள். அப்போது அவளுக்குக் காய்ச்சல் தொடங்கவில்லை.

மரண அறிவித்தல்களை எழுதுவது என்று முடிவெடுத்தவர் தியாகலிங்கம். காணிப் பதிவுக் கந்தோரில் முப்பது வருடம் இருந்த மனிதர். எந்தத் தெருவில் யார் இருந்தார், யாரைக் கலியாணம் முடித்தார், பிள்ளைகள் எங்கே உத்தியோகம் என்பதெல்லாம் அறிவித்தலில்தான் பிசகில்லாமல் இருக்கும் என்றார். ஒவ்வொரு அறிவித்தலின் அடியிலும் பிரேதம் எத்தனை மணிக்கு எடுப்பது, எந்தச் சுடலை என்று ஒரு வரி இருந்தது. கொப்பிக்குத் தட்டுப்பாடு. அந்த வரியை விடச் சொன்னவரும் அவர்தான். எங்கே கொண்டுபோய் எரித்தால் எங்களுக்கென்ன என்றார். எழுதாத வரியை வாசித்துத் தொண்டையை வரட்டுவானேன் என்று மக்டலீனும் "அறியவும்" என்றதோடு நிறுத்திக்கொண்டாள்.

அந்த "ஓம்" கேட்டதற்கு மறுநாள் காலையில், முற்றம் கூட்டப்போன தியாகலிங்கம் விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு நின்றார். இரவு மழை பெய்து மண் பட்டுப்போல் படிந்திருந்தது. மாமரத்தடியில் மட்டும் மண் அமுங்கிக் கிடந்தது, வட்டமாக, அடுத்தடுத்து, ஆட்கள் சம்மணம் கொட்டி இருந்து எழும்பினால் எப்படி இருக்குமோ அப்படி. வேலியோரம் வெற்றிலைத் துப்பல் இன்னும் காயாமல் சிவந்திருந்தது. மண்ணைக் கூட்டி மூடிவிட்டு உள்ளே போனார். பத்மாசினி கண்ணை மூடியபடியே கேட்டாள்.

"விறாந்தையிலை இருக்கிற சனத்துக்குத் தேத்தண்ணி குடுத்தனீங்களே?"

காய்ச்சல் பிதற்றல் என்றுதான் அவர் வைத்துக்கொண்டார். டொக்டர் குளிசை தந்து, சாப்பிட்டாளென்றால் தேறிவிடுவாள், சாப்பாடு இறங்காவிட்டால் கவனம் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பியிருந்தார். சாப்பாடு இறங்கவில்லை. கஞ்சியைக் கரண்டியால் வைத்தால் கடைவாயால் வழிந்தது. பிள்ளை குட்டி இல்லாத வீடு. முப்பத்திரண்டு வருடமாக அவருக்கு அவள், அவளுக்கு அவர். கடைவாயைத் துணியால் ஒற்றிவிட்டு அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

இருந்தும் பின்னேரம் வாசிப்பு நடந்தது. நிறுத்த ஒரு காரணம் சொல்லவேண்டும். சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது. ஒவ்வொரு அறிவித்தலின் முடிவிலும் மக்டலீன் மூச்சு வாங்குகிற அந்தச் சின்ன இடைவெளியில் விறாந்தைப் பக்கம் பிரம்புக் கதிரை முறுகுகிற சத்தமும், வேட்டி உரசுகிற சத்தமும், தொண்டையைச் செருமுகிற சத்தமும் ஒன்றின்மேல் ஒன்றாக வந்து சேர்ந்துகொண்டிருந்தன. ஈரத் துணி மணத்தது. தலை தோய்ந்துவிட்டு அப்படியே வந்து நிற்கிற ஆட்களின் மணம். அதற்குள் கற்பூரம். அதற்குள் இன்னொன்று, மூடிவைத்த பெட்டகத்தைத் திறந்த மாதிரி.

நல்லம்மா என்கிற ஒருத்தியின் அறிவித்தலோடு அன்றைய வேலை முடிந்தது. வண்ணார்பண்ணை; இராசநாயகத்தின் மனைவி; பிள்ளைகளும் மருமக்களும் பேரப்பிள்ளைகளும் சகோதரங்களுமாக அரைப் பத்தி நீளத்துக்குப் பெயர்கள். தாளின் அடிப்பகுதியைக் கறையான் தின்றிருந்தது. "யாவரும் அறியவும்" என்று மக்டலீன் முடித்தாள்.

ஓம் என்றார்கள். ஒருவரல்ல. முற்றம் முழுக்க.

பரமலிங்கத்தின் பேனை உருண்டு விழுந்தது. மக்டலீன் நெற்றியில் சிலுவை போட்டாள். பிறகு வெளியே சத்தம் தொடங்கியது. உலக்கை. ஒரே சீராக, அவசரமில்லாமல், உரலுக்குள் விழுந்து எழுந்து விழுகிற உலக்கை. அந்த ஊரில் பிறந்த எவருக்கும் அது அரிசி இடிக்கிற சத்தமல்ல என்று தெரியும். செத்தவீட்டில், பிரேதம் எடுப்பதற்கு முன், சுண்ணம் இடிக்கிற சத்தம்.

தியாகலிங்கம் அறைக்குள் ஓடினார். பத்மாசினி நிமிர்ந்து கிடந்தாள். இரண்டு கையையும் யாரோ நெஞ்சில் எடுத்து வைத்திருந்தார்கள்.

"பொம்பிளையள் உள்ளுக்கு வந்திட்டினம்" என்றாள். "என்னைச் சுத்தி இருக்கினம். இடம் காணாது எண்டு நெரிபடுகினம்."

அவர் அவளுடைய கையைப் பிரித்தெடுக்கக் கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் குனிந்தார். இருட்டாகக்கூட இல்லை, யன்னல் வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது, சுவர் தெரிந்தது, சுவரில் தொங்கிய கலண்டர் தெரிந்தது. அவருடைய புறங்கை ஈரத்தில் பட்டது. தலைமயிர். அவிழ்த்துவிட்ட, நனைந்த, நீளமான தலைமயிர். நிலத்தில் இருக்கிற ஒருத்தியின் தலை இருக்கக்கூடிய உயரத்தில்.

கையை இழுத்துக்கொண்டார்.

"என்னட்டைத்தான் கேக்கினம்" என்றாள் பத்மாசினி. "எப்ப எடுக்கினம், எந்தச் சுடலை எண்டு. நான் என்னத்தைச் சொல்ல? சொல்லுங்கோவன்."

வாசலில் நின்ற மக்டலீனுக்குத்தான் முதலில் விளங்கியது. அவளுடைய முகம் சாம்பலாகிப் போயிருந்தது; குரல் மட்டும் தெளிவாக இருந்தது.

"அண்ணை, நாங்கள் எல்லாருக்கும் இழவு சொல்லியிருக்கிறம். எங்கை போறதெண்டு சொல்லேல்லை. சொன்ன வீடுதான் செத்தவீடு எண்டு இஞ்சையே வந்து இருக்கினம்."

பத்திரிகைக் கட்டை மறுபடி மடியில் வைத்து, முதல் அறிவித்தலிலிருந்து, விட்ட வரிகளை மட்டும் வாசிக்கத் தொடங்கினாள். பெயர். நேரம். சுடலை. பெயர். நேரம். சுடலை. ஒவ்வொன்றுக்கும் விறாந்தையில் கதிரைகள் நகர்ந்தன, கால்கள் மண்ணில் தேய்ந்தன, படலை திறந்து மூடியது. யாரும் திறக்காத படலை. பரமலிங்கம் சுவரைப் பார்த்தபடி, காதைப் பொத்தியபடி இருந்தார். தியாகலிங்கம் மனைவியின் முகத்தையே பார்த்தார். ஒவ்வொரு வரிக்கும் அந்த முகத்தில் ஒரு துளி இரத்தம் திரும்பியது. கண்ணைத் திறந்தாள். தண்ணீர் கேட்டாள். குடித்தாள், வழியவில்லை.

கடைசியாக நல்லம்மாவின் தாள். மக்டலீன் புரட்டிப் பார்த்தாள். கறையான் தின்ற விளிம்பை விரலால் தடவினாள். அதில் வாசிக்க ஒன்றும் இல்லை.

உலக்கை நிற்கவில்லை.

தியாகலிங்கம் விறாந்தை நிலையைப் பிடித்துக்கொண்டு, வெறும் முற்றத்தைப் பார்த்து, கந்தோர்க் குரலை வரவழைத்துக்கொண்டு, வாய்க்கு வந்த நேரத்தையும் சுடலையையும் சொன்னார்: "நாலு மணிக்கு. கோம்பயன்மணல்."

உலக்கை நின்றது. மாமரத்து இலைகூட அசையவில்லை.

"இல்லை" என்றது ஒரு குரல். காதுக்குள். வெற்றிலை மணத்தோடு.

மறுபடி உலக்கை விழுந்தது. அறைக்குள் பத்மாசினி குடித்த தண்ணீர் முழுவதும் கடைவாயால் திரும்பி வந்தது.

வெளிச்சம் மங்கிய மைமல் நேரத்தில் மற்ற இருவரும் போனார்கள். பரமலிங்கம் விடியக் கொழும்புக்குப் புறப்படுகிறவர். சண்டையால் தரைப்பாதை அடைபட்டிருந்ததால் கிளாலியால் கடல் தாண்டிப் போய், லண்டன் கடிதத்தை அங்கே தபாலில் போடுவதாக ஏற்பாடு. இந்த நிலையில் கடிதம் எங்கே, கிடக்கட்டும் என்று அவரே சொன்னார். தியாகலிங்கம் விடவில்லை. எழுதி வைக்கிறன், போகேக்கை வந்து வாங்கும் என்றார். ஏன் அப்படிச் சொன்னார் என்பது சொல்லும்போது அவருக்குத் தெரியாது. விளக்கைக் கொளுத்திக்கொண்டு மேசையில் இருந்தபோது தெரிந்திருந்தது.

முதலில் தம்பிக்குச் சுகம் கேட்டு எழுதினார். பிறகு தலைப்பிட்டு, நல்லம்மாவின் அறிவித்தலை ஆகத் திறமான கையெழுத்தில், ஒரு பெயரும் விடாமல், முழுதாக எழுதினார்.

உலக்கை மெதுவாயிற்று.

அங்கே குளிர்நாடு, அவ்வளவு தூரம் இவர்கள் எங்கே போகப்போகிறார்கள் என்று நினைத்தார். போனாலும் அங்கே பெரிய டொக்டர்மார் இருக்கிறார்கள் என்று நினைத்தார். அறைக்குள் மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டது. இழுத்தது. விட நேரமெடுத்தது. அவர் அடுத்த வரியை எழுதினார்: இதை உன் மகள் மீனாம்பிகை சபையில் உரத்து வாசிக்கட்டும்.

உலக்கை நின்றுவிட்டது.

முதுகுக்குப் பின்னால் ஆட்கள் குனிந்து பார்ப்பது தெரிந்தது. பிடரியில் ஈரக் குளிர். பெயரின்மேல் மை காயுமட்டும் அவர் திரும்பவில்லை. யாரோ ஒருவர், வயதான ஆள், அந்தப் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தார். மீ. னா. ம். பி. கை. பிறகு முற்றத்தில் வேறொரு சத்தம் தொடங்கியது. கத்தி. பச்சை மூங்கிலைத் தறிக்கிற கத்தி.

விடியப்புறம் பத்மாசினி தானாக எழும்பி இருந்து, பசிக்குது என்றாள். ஒரு கோப்பைக் கஞ்சியும் குடித்தாள். அவளுடைய நெற்றி வேர்த்துக் குளிர்ந்திருந்தது. அவர் அடுப்படிக்குப் போய் நாலு சோற்றுப் பருக்கையை நசித்து, கடித உறையின் வாயில் பூசி, பெருவிரலால் அழுத்தி அழுத்தி ஒட்டினார். படலையடியில் சைக்கிள் மணி கேட்டது.

பரமலிங்கம் உள்ளே வரவில்லை. கடிதத்தை வாங்கிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, எப்பிடி அவ என்று கேட்டார். சுகம் என்றார் தியாகலிங்கம். பரமலிங்கம் சைக்கிளில் ஏறிக் கைகாட்டிவிட்டு ஒழுங்கையால் போனார். அவருக்குப் பின்னால், விடியலின் சாம்பல் வெளிச்சத்தில், ஈர வேட்டியோடு ஆண்கள் வரிசையாக நடந்தார்கள். பெண்கள் படலைவரை வந்து நின்று தலைமயிரை முடிந்துகொண்டார்கள். முன்னால் போன நாலு பேர் தோளில் பாடை இருந்தது. வெறும் பாடை. மூங்கிலைத் தறித்துத் தறித்துக் குறுக்கியிருந்தார்கள். அந்த நாலு பெரிய ஆட்களும் ஒருவர் காலில் ஒருவர் இடறாமல் நடக்க முடியாத அளவுக்கு அது கட்டையாக இருந்தது.