தழை தாண்டிய மாப்பிள்ளை

விடிந்தால் கல்யாணம், மாப்பிள்ளையைக் காணோம்!

பஸ் ரோட்டிலிருந்து கூந்தமலைக்கு வண்டி கிடையாது. ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக நடந்துதான் ஏற வேண்டும். சித்திரை வெயிலில் வேர்த்து விறுவிறுத்து மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்த பிறகுதான் கதிரேசன் வரவில்லை என்பதே தெரிந்தது. முன்னால் வந்தவர்கள் பின்னால் வருகிறான் என்று நினைத்தார்கள். பின்னால் வந்தவர்கள் முன்னால் போய்விட்டான் என்று நினைத்தார்கள். பள்ளத்தாக்கில் போனும் எடுக்காது. மாப்பிள்ளையின் அம்மா ஒப்பாரி வைக்காத குறை.

கல்யாணப் பெண் பேச்சி, மருதாணிக் கையோடு எழுந்தாள். ஆண்கள் போகட்டும் என்று பெரியப்பா தடுத்துப் பார்த்தார். போகிறவர்கள் ஒன்றைப் பார்த்துவிட்டு ஊருக்குள் வேறொன்றைச் சொல்வார்கள் என்பது அவளுக்குத் தெரியாதா? செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியே விட்டாள். அண்ணன் மொக்கராசு அரிவாளோடு முன்னால் போனான். தோழி வேலுத்தாய் தண்ணீர் பாட்டிலோடு பின்னால் ஓடினாள்.

கோடையில் ஆறு மெலிந்து, பாறைக்குப் பாறை தாவினால் கடந்துவிடலாம் என்று கிடந்தது. ரோட்டிலிருந்து வரும்போது பாதை முதலில் பிரியும் இடத்தில் மணலில் ஷூத் தடம் தெரிந்தது. மற்றவர்கள் எல்லோரும் செருப்போடு வந்திருந்ததால் அது மாப்பிள்ளையுடையதுதான். அதைப் பார்த்ததும் மொக்கராசு குழம்பிப்போய் நின்றுவிட்டான்.

விருந்தாளிகள் வழி தவறிவிடக் கூடாது என்று காலையில் அவன்தான் பாதை பிரியும் இடங்களில் எல்லாம் தப்பு வழியின் குறுக்கே தழை ஒடித்துப் போட்டிருந்தான். தழை கிடந்தால் அந்தப் பக்கம் போகாதே என்று அர்த்தம். கூந்தமலையில் நடை பழகும் குழந்தைக்குக்கூட அது தெரியும். ஷூத் தடமோ, தழையைத் தாண்டி உள்ளே போயிருந்தது.

பின்தொடர்ந்தார்கள். அந்த வழி ஒரு வளைவு வளைந்து மறுபடி ஆற்றுக்கே வந்தது. அங்கே இன்னொரு பிரிவு, இன்னொரு தழை. ஷூத் தடம் அதையும் தாண்டி மேட்டில் ஏறியிருந்தது!

"ஏண்டி, ஒருக்கா தவறலாம்," என்றாள் வேலுத்தாய். "ரெண்டாவது வாட்டியும் ஊரு வழிய விட்டுட்டுப் போனா என்னடி அர்த்தம்?"

பேச்சி அந்தத் தடத்தையே பார்த்தாள். பெண் பார்க்க வந்த அன்றைக்கும் அவன் தரையைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தான். பிடிக்கவில்லை என்றால் அன்றைக்கே சொல்லித் தொலைத்திருக்கலாமே! ஆளைப் பிடித்து நாலு வார்த்தை கேட்டுவிட்டு, கல்யாணம் வேண்டாம் என்று தானே சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு, முட்புதரைக்கூடப் பார்க்காமல் விறுவிறுவென்று ஏறினாள்.

மேட்டின் உச்சியில் பாதை மறுபடி இரண்டாகப் பிரிந்தது. இடது பக்கம் இறங்கினால் பஸ் ரோடு. கீழே ஒரு பஸ் போவதுகூடத் தெரிந்தது. வலது பக்கம் புல்வெளி. புல்வெளி வழியில் வாடிய தழை ஒன்று கிடந்தது. அது மொக்கராசு போட்டதில்லை. காட்டுமாடு மேய்கிறது, போகாதே என்று மாடு மேய்ப்பவர்கள் போட்டு வைத்தது. ஷூத் தடம் வலது பக்கம்தான் போயிருந்தது.

"ஓடுறவரு ரோட்டுக்குல்ல எறங்கியிருக்கணும்?" என்று மொக்கராசு தலையைச் சொறிந்தான்.

பேச்சிக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. அதுவரை இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை; காட்டுமாட்டை நினைத்துப் பயம்தான் வந்தது. புல்வெளிக்குள் ஓடினாள்.

இடுப்பளவு காய்ந்த புல்லுக்கு நடுவே ஒரு பாறை. அதன் மேல் கதிரேசன் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பாறைக்கு முன்னால் ஒரு காட்டுமாடு, கறுத்துத் திரண்ட உடம்போடு நிதானமாக மேய்ந்துகொண்டிருந்தது. சத்தம் போட்டால் மிரண்டு பாய்ந்துவிடும். மற்ற இருவரையும் நிற்கச் சொல்லிவிட்டு, பேச்சி சுற்றி வளைத்துப் பாறைக்குப் பின்பக்கம் தவழ்ந்தாள். அவளைக் கண்டதும் அவன் சத்தமில்லாமல் சரிந்து இறங்கினான். மாடு தலையைத் தூக்கியது! கையோடு கை பிடித்தபடி இருவரும் மூச்சை அடக்கிக் கிடந்தார்கள். அது திரும்பப் புல்லில் வாய் வைத்த பிறகுதான் ஊர்ந்து வெளியே வந்தார்கள்.

மேட்டுக்கு வந்ததும் ஒரு பாட்டில் தண்ணீரையும் குடித்து முடித்துவிட்டு அவன் பேசினான். ஆற்றில் கால் கழுவ நின்றானாம், எல்லோரும் போய்விட்டார்களாம்.

"நல்லவேள, எங்கிட்டுத் திரும்பணும்னு தழை போட்டுக் காட்டியிருந்தீங்க. ஒண்ணுகூட விடாம அதப் பாத்துத்தான் வந்தேன்."

மொக்கராசு தலையில் அடித்துக்கொண்டான். வேலுத்தாய் சிரிப்பை அடக்க முடியாமல் உட்கார்ந்தே விட்டாள். பேச்சி மட்டும் சிரிக்கவில்லை.

"இங்கன நின்னா பஸ் ரோடு தெரிஞ்சிருக்குமே?"

"தெரிஞ்சுச்சு. பஸ்ஸும் போச்சு. தாகத்துல எறங்கிரலாம்னுதான் இருந்துச்சு. ஆனா தழை இந்தப் பக்கம்ல கெடந்துச்சு. உங்க வீடு இன்னும் மேலதான்னு நெனச்சேன்."

பேச்சி முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஷூத் தடத்தை மட்டும் வைத்து இந்த மனுஷனை என்னவெல்லாம் நினைத்துவிட்டோம் என்று வெட்கமாக இருந்தது.

பொழுது சாய ஊருக்குள் வந்தபோது மேளக்காரர்கள் யாரும் சொல்லாமலே அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா மகனை அடித்துவிட்டு அணைத்துக்கொண்டார். பெரியப்பா பேச்சியைத் தனியே கூப்பிட்டு, மாப்பிள்ளை ஓடப் பார்த்தாரா என்று தணிந்த குரலில் கேட்டார்.

பேச்சி எல்லோருக்கும் கேட்கும்படியே பதில் சொன்னாள்.

"ஓடுறதுக்கு ரோடு கண்ணு முன்னாலயே கெடந்துச்சு பெரியப்பா. அவரு என்னத் தேடி மேல ஏறிட்டாரு."