நடுவில் நிற்பவள்

விளையாட்டு விழா அன்று எடுத்த படம் அது. இடப்பக்கம் மினோரி, வலப்பக்கம் தோமொகா, நடுவில் யுசுகி. மூன்று பேரும் ஐந்தாம் வகுப்பு. மூன்று பேர் தலையிலும் சிவப்பு அணியின் தொப்பி.

அந்தப் படத்தை மினோரி மேசை இழுப்பறையில் கவிழ்த்து வைத்திருந்தாள். அதைப் பார்க்கவே அவளுக்குப் பயம்.

மூன்று பேர் சேர்ந்து படம் எடுத்தால் நடுவில் நிற்பவருக்கு ஆயுள் குறைவு என்று அந்த ஊரில் ஒரு பேச்சு உண்டு. மினோரிக்கு அதைச் சொன்னவள் அவளுடைய அத்தை. பெரியவர்கள் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். ஆனால் கேமராவை நீட்டினால் அதே பெரியவர்கள் மெல்ல ஓரத்துக்கு நகர்ந்துவிடுவார்கள்!

அன்றைக்கு மினோரியும் நகர்ந்தாள். நகர்ந்ததோடு விட்டாளா? யுசுகியின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து நடுவில் நிறுத்தினாள். யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. யுசுகி இரண்டு விரலை நீட்டிச் சிரித்தாள்.

மூன்றே வாரத்தில் யுசுகியை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சிறுநீரகத்தில் நோயாம். முகமும் காலும் வீங்கிவிட்டன. புத்தாண்டு வந்தது, போனது. அவள் வீடு திரும்பவில்லை.

என்னால்தான் என்று மினோரி நினைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாத விஷயம் அவள் வயிற்றில் கல்லாகக் கிடந்தது.

அவர்கள் ஊரான சுருகா துறைமுகத்தில் குளிர்காலம் முழுக்க மழைதான். பனி கலந்த அந்த மழை அன்று இசை வகுப்பின் ஜன்னலிலும் வழிந்துகொண்டிருந்தது. ஓகிசோ டீச்சர் கைமணிப் பெட்டியைத் திறந்தார். ஒவ்வொருவருக்கும் ஒரு மணி, தோ-ரே-மி வரிசையில் ஒரு சுரம். மினோரிக்கு 'தோ'. தோமொகாவுக்கு 'சோ'. இடையில் வரும் 'மி' யுசுகியுடையது. அது பெட்டிக்குள்ளேயே கிடந்தது.

"இப்போதைக்கு ரெண்டு பேர் மட்டும் அடிங்க" என்றார் டீச்சர்.

அடித்தார்கள். காலி வீட்டில் கத்தியது போல ஒரு சத்தம் வந்தது.

"இது சந்தோஷமா, சோகமா? ஒண்ணுமே புரியலையே" என்றான் பின்வரிசைப் பையன் ஒருவன்.

"நடுச் சுரம் வந்தாத்தான் அது தெரியும்" என்றார் டீச்சர். "மி மணியை வேற யாராவது எடுத்துக்கிறீங்களா?"

"வேண்டாம் டீச்சர்!" என்று தோமொகா போட்ட சத்தத்தில் வகுப்பே திரும்பிப் பார்த்தது.

மாலையில் காலணி அலமாரி அருகே தோமொகா வழிமறித்தாள்.

"ஏன்டி, சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வர்றியா இல்லியா? கீழ்த் தளத்துல பத்து நிமிஷம் பார்க்க விடுறாங்களாம்."

"எனக்கு... தலைவலி."

"சனிக்கிழமை வரப்போற தலைவலி உனக்கு இன்னிக்கே தெரியுமா?"

மினோரி ஷூ நாடாவைக் கட்டினாள். கட்டியதையே அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

"அவ உன்னைத்தான் கேட்டுக்கிட்டே இருக்காளாம். நீயெல்லாம் ஒரு ஃப்ரெண்டா!" என்று சொல்லிவிட்டு, தோமொகா குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள்.

யுசுகி இருந்தவரை இந்த இருவரின் சண்டை இரண்டு நிமிடம் தாங்காது. நடுவில் நின்று ஏதாவது கிறுக்குத்தனமாகச் சொல்லிச் சிரிக்க வைத்துவிடுவாள். இப்போது இருவருக்கும் ஒழுங்காகச் சண்டை போடக்கூட வரவில்லை. அதை நினைத்து மினோரி வழியெல்லாம் அழுதாள். மழை நாள் என்பதால் யாருக்கும் தெரியவில்லை.

அன்று மாலை அவள் வீட்டிலிருந்த ஆல்பங்களை எல்லாம் கூடத்தில் பரப்பினாள். மூன்று பேர் நிற்கும் படங்களை மட்டும் தேடி எடுத்தாள். நோட்டில் எழுதினாள். மொத்தம் பதினான்கு படங்கள். நடுவில் நின்றவர்கள் பதினான்கு பேர்.

"அம்மா, இந்தப் படத்துல நடுவுல நிக்கிறவங்க இப்ப எப்படி இருக்காங்க?"

"அவளுக்கென்ன, போன வாரம்கூட போன் பண்ணி ஒரு மணி நேரம் என் காதைத் தின்னா."

"இவரு?"

"அவர் போயிட்டாரும்மா. தொண்ணூத்தோரு வயசு."

எல்லாரையும் கேட்டு முடித்தபோது, பதினான்கில் இறந்தவர் ஒருவர்தான். அவருக்கும் தொண்ணூற்றொன்று. அந்தப் பேச்சு வெறும் கதை என்று நோட்டு சொன்னது. ஆனால் அவள் வயிற்றுக் கல் நோட்டுப் படிக்கத் தெரியாத கல்.

வீட்டுப்பாடத்துக்காக ஊதுகுழல் வைத்த சின்னக் கீபோர்டை எடுத்தாள். தோ, மி, சோ மூன்றையும் சேர்த்து அழுத்தி ஊதினாள். மி நடுவில். கீழே இருந்த தோவை விட்டுவிட்டு, மேலே இருக்கும் தோவை அழுத்தினாள். இப்போது சோ நடுவில். மியையும் அப்படியே மேலே கொண்டுபோனாள். இப்போது தோ நடுவில்.

மினோரி ஊதுவதை நிறுத்தினாள். மறுபடி மூன்றையும் ஊதிப் பார்த்தாள். யார் நடுவில் நின்றாலும் அதே மூன்று பேர்தான். ஒலியும் உடையவில்லை.

மறுநாள் காலை அவள் தோமொகாவிடம் போனாள். "நான் வர்றேன். எங்கம்மா கேமராவையும் கொண்டு வர்றேன்."

"தலைவலி?"

"அது அப்படியேதான் இருக்கு. இருந்தாலும் வர்றேன்."

சனிக்கிழமை, யுசுகியின் அம்மா சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். மருந்தினால் யுசுகியின் கன்னங்கள் உப்பியிருந்தன. முகக்கவசம் பாதி முகத்தைத்தான் மறைத்தது.

"என்னடி அப்படிப் பார்க்குற? மோச்சி அரிசிமா உருண்டை மாதிரி இருக்கேனா?" என்றாள் யுசுகி.

"ரெண்டு உருண்டை" என்றாள் தோமொகா. யுசுகி சிரித்தாள். மினோரி சிரிக்கவில்லை.

"யுசுகி, நான் ஒண்ணு சொல்லணும். விளையாட்டு விழா படத்துல... நான்தான் உன்னை நடுவுல இழுத்து விட்டேன். தெரிஞ்சேதான் செஞ்சேன். எனக்குப் பயமா இருந்துச்சு."

யுசுகி தன் முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டாள்.

"தெரியும்" என்றாள் யுசுகி.

"தெரியுமா?"

"அந்தப் பேச்சு எனக்கும் தெரியும்டி. நீ இழுத்தப்பவே புரிஞ்சுது."

"அப்புறம் ஏன் நகரல?"

"நான் நகர்ந்தா உங்க ரெண்டு பேர்ல ஒருத்தி நிக்கணுமே!"

மினோரி தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணீர் அவளும் போட்டிருந்த முகக்கவசத்துக்குள் இறங்கியது. "மன்னிச்சுக்கோ" என்றாள். அதை மூன்று தடவை சொன்னாள்.

"எல்லாருக்கும் தெரியுமா? எனக்கு மட்டும் ஏன்டி யாரும் சொல்லல?" என்று தோமொகா கோபப்பட்டாள்.

யுசுகியின் அம்மா மினோரியின் முதுகைத் தடவிக் கொடுத்தார். மினோரி மூக்கை உறிஞ்சிக்கொண்டே அவரைப் பார்த்தாள்.

"யுசுகி அம்மா, இந்த நோய் எப்ப ஆரம்பிச்சுதுன்னு டாக்டர் சொன்னாரா?"

"கோடை லீவுலயே இருந்திருக்கும்னு சொன்னாரும்மா. காலைல இமை வீங்கியிருக்கும். நான்தான் தூக்கம் பத்தலைன்னு நினைச்சுட்டேன்." அவர் குரலும் சற்றுத் தடுமாறியது.

விளையாட்டு விழா நடந்தது அக்டோபரில். மினோரி மனதுக்குள் மாதங்களை எண்ணினாள். படத்துக்கு முன்பே நோய் வந்துவிட்டது.

"இப்பப் பயம் போச்சா?" என்று கேட்டாள் யுசுகி.

"பாதி."

"மீதி?"

"மீதியை மூணாப் பிரிச்சுக்கலாம். நீ ஒரு தடவை நின்னுட்ட. இப்ப நாங்க நிக்கணும்." அவள் கேமராவை எடுத்து யுசுகியின் அம்மாவிடம் கொடுத்தாள்.

முதலில் தோமொகா நின்றாள். "சீக்கிரம் எடுங்க, சீக்கிரம்!" என்று கண்ணை இறுக மூடிக்கொண்டாள். படத்திலும் அப்படியேதான் விழுந்தாள்.

அடுத்து மினோரி. ஒரு பக்கம் யுசுகியின் வீங்கிய கை, மறுபக்கம் தோமொகாவின் சில்லிட்ட கை. இரண்டையும் பிடித்துக்கொண்டு அவள் கேமராவை நேராகப் பார்த்தாள்.

பத்து நிமிடம் முடிந்துவிட்டது. எப்போது வீட்டுக்கு வருவாள் என்று தோமொகா கேட்டாள். அது இன்னும் யாருக்கும் தெரியாது என்றார் யுசுகியின் அம்மா. நாற்காலி லிஃப்டுக்குள் போனது.

உள்ளேயிருந்து யுசுகி எட்டிப் பார்த்தாள். "அடுத்த சனிக்கிழமை யாருடி நடுவுல?"

"நான்" என்றாள் மினோரி.

"நான்" என்றாள் தோமொகா. "நீ இப்பத்தானே நின்ன!"

"நீ கண்ணை மூடிட்டே, அது கணக்குல வராது!"

"அதனாலதான் மறுபடி நான் நிக்கணும்!"

லிஃப்ட் கதவு மூடியது. உள்ளே யுசுகி சிரிப்பது கேட்டது. வெளியே பனிமழை நிற்கவில்லை. இருவரும் ஒரே குடைக்குள் வீடு வரை சண்டை போட்டுக்கொண்டே போனார்கள்.