மூன்று கிலோ

மலை உச்சியில் இருக்கும் அந்த ஓய்வு விடுதிக்குப் போகிறவர்கள், கண்ணுகளா, அடிவாரத்துத் தகரக் கொட்டகையில் இறங்கித்தான் ஆகவேண்டும். வாடகைக் கார் அதோடு திரும்பிவிடும். அதற்கு மேல் பன்னிரண்டு மைல் காட்டுப் பாதை. ஜீப் மட்டும்தான் ஏறும். கொட்டகை வாசலில் ஒரு பழைய எடை மெஷின் உண்டு. ஆளுக்கு எட்டு கிலோ. அரைக் கிலோ கூடினாலும் அங்கே இருக்கும் விடுதி மேனேஜர் விடமாட்டார்.

அன்று மத்தியானம் வந்து இறங்கியவர் ஓய்வு பெற்ற டீச்சர். விடுதியிலிருந்து வந்த பட்டியலைக் கையிலேயே வைத்திருந்தார். டார்ச், மாற்று பேட்டரி, மழைக்கோட்டு, அட்டை கடித்தால் தேய்க்க உப்பு, ஈரம் படாமல் சுற்றிய மாற்றுத்துணி. ஒவ்வொன்றின் பக்கத்திலும் சிவப்பு மையில் ஒரு டிக்.

“மார்க் போட்டுட்டீங்களா டீச்சர்?” என்றான் ஜீப் டிரைவர்.

“எழுதினவருக்குத்தான் போடணும். உப்பை ரெண்டு தடவை எழுதியிருக்கார்.”

“இங்க அட்டையும் ரெண்டு தடவை கடிக்கும்.”

டீச்சர் சிரித்துக்கொண்டே பையை மெஷின்மேல் வைத்தார். வீட்டிலேயே நிறுத்துப் பார்த்து, சரியாக எட்டு கிலோ கட்டியிருந்த பை.

முள் பதினொன்றில் நின்றது.

“மூணு கிலோ கூடுது,” என்றார் மேனேஜர். பையைத் திறந்து, மருந்துப் பெட்டியின்மேல் விரலை வைத்தார். “இதை இங்க வச்சுட்டுப் போங்க. ரெண்டு நாள்தானே. மலைக்காத்தே மருந்து.”

டிரைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இதே வார்த்தை. இதே விரல்.

போன வருஷ மழைக்கு வந்த பெண் ஒரு தையல்காரி. நாள் முழுக்க மெஷினில் குனிந்து குனிந்து நெஞ்சில் இழுப்பு வந்தவள். மூச்சு முட்டினால் புகை மருந்து பிடிக்கிற கருவியை ஒரு நீலப் பையில் வைத்திருந்தாள். அவளே தைத்த பை. “மூணே மூணு கிலோதாங்க, மடியிலயே வச்சுக்கிறேன்,” என்று கெஞ்சினாள். மேனேஜர் விடவில்லை. மேலே போன அன்றே மழை பிடித்தது, பாதையில் மரம் விழுந்தது. மூன்றாம் நாள் காலையில் அவள் மூச்சு நின்றது. விசாரணைக்கு ஆள் வருவதற்குள் மேனேஜர் நீலப் பையைப் பள்ளத்தில் வீசினார். “அந்தம்மா மருந்தே கொண்டு வரலை,” என்றார்.

“ஆமா,” என்றான் டிரைவர். வேலை போய்விடுமே என்று அந்த ஒரு சொல்லைச் சொன்னவன், அதற்குப் பிறகு சரியாகத் தூங்கவில்லை.

“நான் மருந்தை விட்டுட்டு வரமாட்டேன்,” என்றார் டீச்சர். “சர்க்கரைக்கு ஊசி போடுறவ நான்.”

டிரைவர் பையைத் தூக்கினான். முள் இறங்கியது. ஒன்பது, ஆறு, நான்கு.

மூன்றில் நின்றுவிட்டது.

மெஷின்மேல் ஒன்றுமே இல்லை.

மேனேஜர் காலால் ஒரு உதை விட்டார். முள் ஆடி, மறுபடி மூன்றுக்கே வந்தது. மூடுபனிக்குள்ளிருந்து தையல் மெஷினுக்கு விடுகிற எண்ணெயின் வாடை லேசாக வந்தது.

“ஈரத்துல ஸ்பிரிங் கெட்டுப்போச்சு,” என்றார் மேனேஜர். நெற்றியில் வியர்வை. “நீ டீச்சரை விட்டுட்டு வா. நான் இதைச் சரி பண்ணி வைக்கிறேன்.”

“சார், நீங்களும் வந்துடுங்க.”

“எனக்கு புத்தி சொல்றியா? போடா.”

போனான். ஆறு மைல் ஏறுவதற்குள் வானம் பொத்துக்கொண்டது. ஜீப்பின் பின்சீட்டிலிருந்து ஒரு சத்தம். கொய்ங்… கொய்ங்… என்று இழுத்து இழுத்து விடுகிற மூச்சு.

டீச்சர் முன்சீட்டில்தான் இருந்தார். அவரும் திரும்பிப் பார்க்கவில்லை. டிரைவரின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

நீலப் பை விழுந்த பள்ளத்தை ஒட்டிய வளைவில் அந்த மூச்சு இறங்கிக்கொண்டது. ஜீப் லேசாகி மேலே எழும்பியதை இரண்டு பேருமே உணர்ந்தார்கள்.

அடுத்த நிமிஷம் அவர்களுக்குப் பின்னால் மலையே சரிந்து பாதையை மூடியது. கொட்டகைக்கும் கீழே, கார் வரும் வழியிலிருந்த தரைப்பாலத்தின்மேல் வெள்ளம். கொட்டகை நடுவில் மாட்டிக்கொண்டது.

சாயங்காலம் விடுதியின் வாக்கி டாக்கி கரகரத்தது. டிரைவர் எடுத்தான்.

“சார்?”

கொய்ங்… கொய்ங்…

ஜலதோஷம்கூடப் பிடிக்காத மனுஷன் அவர்.

“மூச்சு… விட முடியலடா,” மேனேஜரின் குரல் நூலாகத் தேய்ந்திருந்தது. “அந்தப் பை… இங்க மெஷின் மேல இருக்கு. சேறும் சகதியுமா.”

“திறங்க சார். மருந்து உள்ளதான் இருக்கும். திறந்து பிடிங்க.”

வெகுநேரம் இழுப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

“திறக்க வரலடா.”

அதோடு சரி.

மூன்றாம் நாள் காலையில் மண்ணை வெட்டி வழி செய்துகொண்டு டிரைவர் இறங்கினான். விடுதியிலிருந்து தகவல் போய், வெள்ளம் வடிந்ததும் கீழேயிருந்து விசாரணை அதிகாரியும் வந்து சேர்ந்தார். மேனேஜர் எடை மெஷின்மேலேயே குந்தியிருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. மடியில், ஒரு வருஷம் பள்ளத்தில் கிடந்த அந்த நீலப் பை. அதன் வாய் ஓரம் முதல் ஓரம் வரை நெருக்கமாகத் தைத்து மூடியிருந்தது. அவ்வளவு நேர்த்தியான தையல். நூல் புத்தம் புதுசு. அதைப் பிய்த்துப் பிய்த்து மேனேஜரின் பத்து நகங்களும் பெயர்ந்திருந்தன.

அதிகாரி கத்தியால் தையலை அறுத்தார். உள்ளே கருவியும் மருந்தும் ஈரம்கூடப் படாமல் இருந்தன.

“இது யாரோட பை?” என்று கேட்டார்.

டிரைவருக்குப் பழையபடி பொய்தான் நாக்கு நுனியில் வந்தது. தெரியாது என்று சொல்லிவிட்டால் முடிந்தது. வாயைத் திறந்தான். கீழுதட்டில் சுருக்கென்று ஏதோ குத்தியது.

எல்லாவற்றையும் சொன்னான். தையல்காரி கெஞ்சியது, மேனேஜர் பையை வீசியது, தான் ‘ஆமா’ போட்டது, ஒன்று விடாமல். சொல்லச் சொல்ல எண்ணெய் வாடை குறைந்துகொண்டே வந்தது. மேனேஜரைத் தூக்கி எடுத்ததும் முள் சத்தமில்லாமல் சைபருக்குப் போய் நின்றது.

விடிந்து எழுந்த குழந்தைபோல நெஞ்சு லேசாகி, டிரைவர் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தான். கண்ணாடியில் முகத்தைப் பார்த்தான். கீழுதட்டில் கடுகளவு ரத்தம். துடைக்கக் கையைத் தூக்கியபோது விரலில் என்னவோ தட்டுப்பட்டது.

சட்டைக் காலரில் ஒரு ஊசி குத்தியிருந்தது. அதில் நூல் கோத்து, நுனியில் முடிச்சும் போட்டிருந்தது.

இழுத்துப் பார்த்தான். ஒரு வாயைத் தைக்கிற அளவுக்கு நீளம் இருந்தது.